நடுத்தூரம்

மூக்கைத் திருப்ப வேண்டுமாம், கண்ணைத் திருப்பக் கூடாதாம். கண்ணாடிக் கடைப் பெண் இதை நாலு தரம் சொல்லிவிட்டாள், இந்திராணி என்னவோ காது கேளாதவள் மாதிரி. "எதைப் பாக்கணுமோ அதுக்கு நேரா மூக்கைக் கொண்டுபோங்க ஆன்ட்டி. மேல் பக்கம் தூரத்துக்கு, கீழ்ப் பக்கம் படிக்கிறதுக்கு. நடுவுல ஒரு சின்ன சந்து மாதிரி இருக்கும், அதுல நடுத்தூரம் தெரியும். ஓரத்துல எல்லாம் மங்கலாத்தான் இருக்கும், அது கண்ணாடியோட கோளாறு இல்ல. ஒரு வாரம் கழட்டாம போட்டீங்கன்னா பழகிடும்." பழகிடும். இந்த ஒரு சொல்லை இந்திராணி இதுவரை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பாள். கல்யாணமான புதிதில் அம்மா சொன்னாள். வேலையில் சேர்ந்த வருஷம், பழைய கோப்புகளின் தூசியில் தும்மிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். கர்ப்பப்பையை எடுத்த டாக்டர் சொன்னார். சொல்கிறவர்கள் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள், பழகுகிற வேலை மட்டும் இவள் தலையில். கடைப் படியில் காலை வைத்தாள். இருக்க வேண்டிய இடத்தில் படி இல்லை, இன்னும் கீழே இருந்தது. உடம்பு ஒரு குலுங்கு குலுங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அந்தப் பெண், "தலையைக் குனிஞ்சு இறங்குங்க ஆன்ட்டி" என்றாள். குனி, நிமிர், திரும்பு. ஐம்பத்து நான்கு வயதில் ஒரு டிரில் மாஸ்டர் வாய்த்திருக்கிறாள். சனியன் பிடித்த கண்ணாடி என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். இன்றைக்குப் பார்த்து இதை வாங்கப் போயிருக்க வேண்டாம். இன்றைக்குத்தான் பார்வை சரியாக இருந்தாக வேண்டிய நாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் புருஷன் ஞானசேகரனிடம் ராமநாதபுரத்தைப் பற்றிப் பேச வேண்டும். அவளுக்குக் கண்காணிப்பாளர் பதவி உயர்வு ராமநாதபுரத்தில் வந்திருக்கிறது. நாளை திங்கட்கிழமை, போகிறேன் என்றோ வேண்டாம் என்றோ எழுதிக் கொடுத்தாக வேண்டும். இதற்கு முன்னால் இரண்டு தடவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவள் அவள். இந்தத் தடவையும் வேண்டாமென்றால் இனிமேல் பேச்சே இல்லை, உதவியாளராகவே இருந்து, கடைசியில் ஒரு மாலையையும் சால்வையையும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புருஷனிடம் ஒரு விஷயம் பேச வாய் போதாதா, நல்ல பார்வை எதற்கு என்று கேட்கிறவர்கள் அந்த வீட்டில் ஒரு வேளை சோறு தின்று பார்க்க வேண்டும்.

தெருவில் நடந்தபோது உறையூரே கொஞ்சம் தண்ணீருக்குள் இருந்தது. கட்டடங்கள் நேராக நின்றன, ஆனால் தலையைத் திருப்பினால் பக்கச் சுவர்கள் வளைந்து கொடுத்தன. தூரத்தில் போகிற பஸ்ஸின் நம்பர் சுத்தமாகத் தெரிந்தது, காலடியில் கிடந்த சாணி தெரியவில்லை. இடது பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வண்டியாக வரவில்லை, ஒரு தீற்றலாக வந்து, பக்கத்தில் வந்தபிறகுதான் வண்டியானது. "பாத்துப் போம்மா" என்றான் ஓட்டினவன். பார்த்துத்தானடா போகிறேன். ஓரம் போய்விட்டது, அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. ஓரக்கண் என்றால் காதலிக்கிறவர்களுக்கும் பிக்பாக்கெட்காரர்களுக்கும் மட்டும் வேண்டியது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்திராணி இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியதே ஓரக்கண்ணால்தான். கல்யாணமாகி முதல் பொங்கல்கூட வந்திருக்காது. காப்பியில் சர்க்கரை இல்லை என்றார் அவர். போட்டேனே என்று அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள், வேறெதுவும் இல்லை, போட்டதனால் போட்டேன் என்று சொன்னாள். "என்னடி மொறைக்கிற?" டம்ளர் சுவரில் போய் மோதியது. அவள் மேல் படவில்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் அவர் எதையும் எறிந்ததில்லை, கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். சுவரில் அந்தக் காப்பிக் கறை மட்டும் அடுத்த வெள்ளையடிப்பு வரைக்கும் இருந்தது. ஒரு தடவை போதும். அன்றிலிருந்து அவள் அவரை நேராகப் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமல் எப்படி இருப்பது, பார்த்தால்தானே பிழைக்கலாம். தலை சட்டியின் மேல், கண் கரண்டியின் மேல், கண்ணின் ஓரம் மட்டும் அவர் மேல். தாடை இறுகினால் இன்றைக்கு வாயைத் திறக்காதே. நெற்றியில் கோடு விழுந்தால் பிறந்த வீட்டுப் பேச்சை எடுக்காதே. சோற்றை உருட்டாமல் பிசைந்துகொண்டே இருந்தால், பையன் மார்க்கைப் பற்றி நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அந்த வீட்டில் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் கிடையாது, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். அவர் மனம் அறிந்து நடக்கிறவள் என்று மாமியார் நாலு பேர் முன்னால் சொன்னபோது இந்த முண்டத்துக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மீன் கடையில் கூட்டம் குறைந்திருந்தது. பலகையில் கெண்டையும் விராலும் கிடந்தன, கிடந்த தூரம்தான் கோளாறு. கையில் எடுத்துப் பார்க்கிற தூரமும் இல்லை, தெருவில் பார்க்கிற தூரமும் இல்லை. அந்தப் பெண் சொன்ன சந்துக்குள் மீனைக் கொண்டுவர வேண்டும். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள், வாலை மட்டும் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தாள், மீன் முழுதாக வந்தது, செதில் செதிலாக, அவள் இத்தனை வருஷம் பார்த்தேயிராத துல்லியத்தில், கண்ணில் ஒரு பொட்டு ரத்தத்தோடு. "என்னக்கா, மோவாயத் தூக்கிக்கிட்டு பாக்குறீங்க, எம் மீனு நாறுதாக்கும்?" என்றாள் மீன்காரி. "இல்லம்மா, புதுக் கண்ணாடி. இப்பிடித் தூக்குனாத்தான் தெரியுது." "அப்பிடியா! நாங்கூட அக்கா பெரிய ஆபீசர் ஆயிட்டாங்க, இனிமே நம்மள எல்லாம் இப்பிடித்தான் பாப்பாங்கன்னு நெனச்சேன்." இந்திராணி சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. ஆபீசராவது ஒன்றாவது. எஸ்தர் ஆகியிருக்கிறாள் ஆபீசர். இந்திராணிக்குக் கீழே வந்து சேர்ந்தவள், எந்தக் கோப்பு எந்த அலமாரி என்று இவள்தான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள், இன்றைக்குக் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து இவள் எழுதிக் கொண்டுபோவதைத் திருத்துகிறாள். திருத்தினாலும் வலிக்காமல் திருத்துகிறாள், அக்கா, இங்க மட்டும் ஒரு வரி சேத்துக்கலாமா என்று. கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "அக்கா, இந்தத் தடவையாவது வீட்ல பேசுங்க" என்றாள். "எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க எஸ்தர்" என்று இவள் சொன்னாள். இந்த வாக்கியம் அவள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் முகத்தில் ஒரு இரக்கம் வரும், பாவம் என்பார்கள், தலையை ஆட்டுவார்கள். அந்த இரக்கத்தை அவள் பதவிக்குப் பதிலாக வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினாள். சிவப்பாகத்தான் இருந்தது. கெண்டையையே நறுக்கச் சொன்னாள்.

ஒத்துக்க மாட்டாங்க. ஒத்துக்கொள்ளவில்லைதானே? முதல் தடவை நாகப்பட்டினத்தில் பதவி வந்தபோது பையன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள், அவள் பெயர் பட்டியலில் இருக்கிறதென்று, இரண்டு லட்டைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தாள். ராத்திரிச் சாப்பாடு, தோசை. தோசையைத் திருப்பிக்கொண்டே, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், லிஸ்ட் வந்திருக்கு, நாகப்பட்டினமாம். கண்ணோரத்தில் அவருடைய தாடை இறுகியது. அவள் பார்த்தாள். பார்த்தாளா? பார்த்தாள், நன்றாக நினைவிருக்கிறது, கன்னத்தில் அந்த இடம் உருண்டது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவப் போனார். லட்டைத் தொடவில்லை. ஒன்றும் சொல்லாதவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா, வாயால் வேறு சொல்ல வேண்டுமா என்ன, மறுநாள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். இரண்டாவது தடவை தர்மபுரி. பஸ்ஸில் வரும்போதே எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். படியேறி உள்ளே நுழைந்தால் நெற்றியில் கோடு. செருப்பைக் கழற்றுவதற்குள் தர்மபுரியை விழுங்கிவிட்டாள். அதை அவரிடம் இன்று வரைக்கும் சொல்லவேயில்லை. ஆபீஸில் அவளோடு வேலை பார்க்கிறவர் வழியாகத் தெரிந்திருக்கும், தெரிந்திருந்தாலும் அவர் கேட்கவில்லை, கேட்காததும் ஒரு கோபம்தானே. அவரவர் வீட்டில் கத்துவார்கள், சண்டை போடுவார்கள், இரண்டு நாள் பேசாமல் இருந்து மூன்றாம் நாள் சேர்ந்துகொள்வார்கள். இவளுக்குக் கத்தாத ஒரு மனுஷன் வாய்த்தான், கத்தியிருந்தால் எதிர்த்தாவது கத்தியிருக்கலாம். மீன் பை கால் முட்டியில் இடித்தது, தண்ணீர் சொட்டிப் புடவையில் பட்டது. ராமநாதபுரம். அவள் ராமநாதபுரத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் இந்த ஒரு வாரமாக அங்கே ஒரு அறை அவளுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரே ஒரு தட்டு. ஆபீஸிலிருந்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிடுகிறாள். பதவியெல்லாம் அப்புறம்தான், அதுதான் அவளுக்கு வேண்டும். அந்த ஒரு தட்டுச் சோறு. இவ்வளவு அற்பமான ஆசைக்கு இவ்வளவு ஏக்கமா என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறும்போது படிகள் அவளை முந்திக்கொண்டு மேலே வந்தன. கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்த்தால் படி ஊதிப்போய் மங்கலாகத் தெரிகிறது, மோவாயை நெஞ்சில் முட்டக் குனிந்தால்தான் மேல்கண்ணாடி வழியாக விளிம்பு தெரிகிறது. அப்படிக் குனிந்துகொண்டு ஏறினாள், மணமேடையில் இருந்தது போல. தலை நிமிராதே, நிமிராதே என்று அத்தைகள் பின்னாலிருந்து அமுக்கிக்கொண்டே இருந்தார்கள், மாப்பிள்ளையின் கால் கட்டைவிரலைத்தான் அன்றைக்கு முழுதும் பார்த்தாள், மாப்பிள்ளை முகத்தை ஆல்பம் வந்தபிறகு பார்த்துக்கொண்டாள். இப்போது மீனைப் பார்க்க நிமிர வேண்டும், படியைப் பார்க்கக் குனிய வேண்டும். படியில் அடக்கமானவள், மீன் கடையில் திமிர் பிடித்தவள். விழுந்துவிட்டால்? இந்தப் படியில் கால் தவறி இடுப்பு எலும்பு போய்விட்டால்? ராமநாதபுரமும் போச்சு, எல்லாம் போச்சு, பையன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நாள் லீவு போட்டு வந்து ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போவான், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், நாள் முழுக்க, அந்த முகத்தோடு. சே, என்ன நினைப்பு இது. விழவில்லையே இன்னும். ஆனால் அந்த நினைப்புக்குள் எங்கேயோ ஒரு ஓரத்தில், விழுந்தால் நாளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்காது என்ற ஒரு சின்ன நிம்மதியும் உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டதும் அவளுக்கே கூசியது. கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சப் படியையும் ஏறினாள்.

கதவு திறந்தே இருந்தது. ஞானசேகரன் கூடத்தில் டிவிக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆலை வேலையிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருஷமாக அந்த நாற்காலிதான். இவள் நின்ற இடத்திலிருந்து அது சரியாக அந்தத் தூரம், நடுத்தூரம். வழக்கம்போல மீன் பையைப் பார்த்துக்கொண்டே கண்ணின் ஓரத்தால் தொட்டாள். அங்கே ஒன்றுமில்லை. பனியன் வெள்ளையில் ஒரு திட்டு, அதற்கு மேல் பழுப்பில் ஒரு திட்டு, தாடையும் இல்லை, நெற்றியும் இல்லை. பகீரென்றது. மூக்கைத் திருப்பினாள். போதவில்லை. மோவாயைத் தூக்கினாள், மெல்ல, மீனைத் தேடிப் பிடித்த மாதிரி. அந்தச் சந்துக்குள் அவர் முகம் வந்து நின்றது. கண்ணுக்குக் கீழே தொங்குகிற பை, காதில் நரைமுடிக் கற்றை, சவரம் செய்யாத கன்னத்தில் வெள்ளை முள், உதட்டோரத்தில் காலையில் தின்ற இட்லிப்பொடி. யாரோ ஒரு கிழவர் வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது போலத் திடுக்கிட்டாள். நெற்றியில் கோடு இருந்தது. ஆழமாக, இரண்டு புருவத்துக்கும் நடுவில். டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு குழந்தை நுரையை ஊதியது, கோடு அப்படியே இருந்தது. விளம்பரம் முடிந்து செய்தி வந்தது. கோடு அப்படியே இருந்தது. அவர் கொட்டாவி விட்டார். வாய் திறந்து மூடி, தாடை ஒரு தடவை இறுகி உருண்டு, மறுபடி தளர்ந்தது. கோடு மட்டும் போகவில்லை, அது கோபமில்லை, தோல். அந்த முகத்தில் அது அங்கேயே கிடக்கிறது, எத்தனை வருஷமாகவோ. "என்ன, மூஞ்சியத் தூக்கிக்கிட்டு பாக்குற?" என்றார், திரும்பாமலே. மீன் பையைக் கை மாற்றிக்கொண்டாள். "புதுக் கண்ணாடி. தூக்குனாத்தான் தெரியுது." "ஓ. கெண்டையா?" "கெண்டைதான்." "முள்ளு ஜாஸ்தி" என்றார். அவ்வளவுதான். சமையலறைக்குப் போய்ப் பையைத் தொட்டியில் போட்டாள். இப்போது பயம் வேறு இடத்திலிருந்து வந்தது.

அது தோல் என்றால் தர்மபுரி என்ன? புளியைக் கரைத்தாள். கரைத்துக்கொண்டே இருந்தாள், கொட்டை விரலில் வழுக்கியது. அன்றைக்கு, செருப்பைக் கழற்றும்போது பார்த்த கோடு எந்தக் கோடு? இல்லை, அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது, அன்றைக்குக் கோபம்தான், மின்சாரம் போய்விட்டது என்றோ கரண்டு பில் என்றோ ஏதோ கோபம். பார் பார், இவளே சொல்கிறாள், கரண்டு பில் என்று. அப்படியானால் இவள் மேல் இல்லையே. நாகப்பட்டினத்துத் தாடை? அது இறுகியது, சத்தியமாக இறுகியது. கொட்டாவியாக இருக்குமா. அடச்சீ. கொட்டாவிக்கா ஒரு பதவியை எழுதிக் கொடுத்தாள். எண்ணெய் காய்ந்து வெந்தயம் கருகுகிற வாடை வந்ததும் திடுக்கிட்டு வெங்காயத்தை அள்ளிப் போட்டாள். ஆவி எழுந்து இரண்டு கண்ணாடியும் வெள்ளையாக மூடிக்கொண்டது, நின்ற இடத்தில் குருடியாக நின்றாள், எண்ணெய் வெடிக்கிற சத்தம் மட்டும். கழற்றித் துடைக்கலாம். கழற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறாளே அந்தப் பெண். ஆவி தானாகக் கரையும் வரைக்கும் அப்படியே நின்றாள். எப்படிக் கேட்பது? ராமநாதபுரத்துல போட்டிருக்காங்க. வேண்டாம், அது நாகப்பட்டினத்துக்குச் சொன்ன மாதிரி. நான் ராமநாதபுரம் போகலாம்னு இருக்கேன். அம்மாடி, வீடு இடிந்துவிடும். போகட்டுமா? போகட்டுமா என்றால் வேண்டாமென்பார். வேண்டாமென்று சொல்லட்டுமே, ஒரு தடவை வாயால் சொல்லட்டும், காதால் கேட்டுக்கொள்கிறேன், கேட்டுவிட்டு அப்போது பார்த்துக்கொள்கிறேன், பேசவேண்டியதைப் பேசிவிடுகிறேன், இருபத்தெட்டு வருஷத்துக்கும் சேர்த்து. பேச வேண்டியது அவ்வளவும் நெஞ்சுக்குள் வரிசை கட்டி நின்றது. என் பின்னால் வந்தவளிடம் கைகட்டி நிற்கிறேன், உன்னால்தான். ஒரு ஊர் பார்த்ததில்லை, உன்னால்தான். உன்னால்தான், உன்னால்தான் என்று கரண்டி சட்டியில் இடித்துக்கொண்டே இருந்தது. மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குழம்பில் இறக்கினாள்.

தட்டைப் போட்டாள். அவர் வந்து உட்கார்ந்தார். சோறு, குழம்பு, ஒரு துண்டு. நின்றுகொண்டு பரிமாறுகிறபோது அவர் முகம் கீழே இருந்தது, கண்ணாடியின் எந்தப் பகுதியிலும் அகப்படவில்லை. அவள் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மோவாயைத் தூக்கினாள். முகம் வந்தது. "எனக்குச் சூப்ரெண்டா பிரமோஷன் வந்திருக்கு. ராமநாதபுரம். நாளைக்கு எழுதிக் குடுக்கணும்" என்றாள். குரல் தன்னுடையதாக இல்லை, ஆபீஸில் கடைநிலை ஊழியரிடம் பேசுகிற குரலாக இருந்தது. தாடை அசைந்தது. முள் எடுக்க அசைந்தது. விரலால் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "எப்பப் போகணும்?" என்றார்.

"எப்பப் போகணும்னா?" "சேர்றது எப்பன்னு கேட்டேன். ஜாகை பாக்கணும்ல. ராம்நாட்டுல தண்ணி உப்பா இருக்கும்பாங்க, பாத்துக்க." இந்திராணி மோவாயை இறக்கவில்லை. "போகலாங்கறீங்களா?" "போயேன். நான் எப்ப வேணாம்னேன்?" என்றார். கோபமில்லை, கிண்டலில்லை, குழம்பு ஊற்றச் சொல்கிற அதே குரல். "நாகப்பட்டினம் வந்தப்பவே நீ போயிருவேன்னுதான் நெனச்சேன். பையனுக்கும் எனக்கும் சாப்பாட்டுக்கு ஆலை கேன்டீன்ல சொல்லிக்கூட வெச்சிருந்தேன். அப்புறம் பாத்தா நீ வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்னு வந்து சொல்றாங்க. சரி, இவளுக்கு வீட்ட விட்டுப் போக மனசு வரல போலன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் வந்ததுக்கும் நீதான் ஒண்ணுஞ் சொல்லல." சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். "நீங்க ஒரு தடவை போன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள். "நீ ஒரு தடவை கேட்டிருக்கலாமே" என்றார் அவர்.

பொய். பொய்யாகத்தான் இருக்க வேண்டும். மோவாயை இன்னும் தூக்கி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, அந்த முகத்தை ஒவ்வொரு இடமாகத் தேடினாள். கண்ணில் பார்த்தாள், உதட்டில் பார்த்தாள், பொய் சொல்கிறவர்களுக்கு எங்கேயாவது துடிக்குமே, அதைப் பார்த்தாள். இல்லை. மீன் தின்கிற ஒரு மனுஷனுடைய முகம், அவ்வளவுதான், அதில் வேண்டாமும் இல்லை, வேண்டுமும் இல்லை. பொய்யாக இருந்திருக்கக் கூடாதா. பொய்யென்றால் திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், எஸ்தரிடம் சொல்லியிருக்கலாம். நேராகப் பார்க்கக் கூடாதென்று கற்றுக்கொடுத்ததே இந்த மனுஷன்தான், கற்றுக்கொடுத்தது அவருக்கு நினைவில்லை, கற்றுக்கொண்டவள் ஒரு நாள்கூட மறக்கவில்லை. சண்டை போடலாமென்றால் எதிரில் ஆள் இல்லை. நெஞ்சுக்குள் வரிசை கட்டி நின்ற உன்னால்தான்களெல்லாம் போக இடமில்லாமல் அவள் பக்கமே திரும்பி நின்றன. நாளைக்கு எழுதிக் கொடுக்கலாம், யாரும் தடுக்கவில்லை. அந்த மாடி அறை, கட்டில், ஒற்றைத் தட்டு, எல்லாம் இருக்கிறது, போகலாம். நாகப்பட்டினத்திலும் ஒரு மாடி அறை இருந்திருக்கும், அப்போது முட்டி வலியில்லை, கண்ணாடியில்லை, நாற்பத்தைந்து தாண்டவில்லை. அந்த அறையில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டிய சாயங்காலங்களை இனி யாரிடம் போய்க் கேட்பது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "என்ன, போறியா இல்லியா?" என்றார். வேண்டாமென்று சொல்லுங்களேன் என்று அவள் உள்ளே ஏதோ ஒன்று கெஞ்சியது, இப்போதாவது ஒரு தடவை சொல்லித் தொலையுங்களேன். அவர் சொல்லவில்லை. பதிலுக்காகக் கையைத் தட்டில் வைத்தபடி காத்திருந்தார், சாதுவாக. "போவேன்! நான் போகத்தான் போவேன்!" என்று மேஜையைத் தட்டிக் கத்தினாள் இந்திராணி, அவர் குறுக்கே நின்று மறித்துவிட்டது போல. கண்ணாடிக்குள் தண்ணீர் நிரம்பி அவர் முகம் மறுபடியும் மங்கிப்போனது. இவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவர் சோற்றுக் கையோடு விழித்துக்கொண்டிருந்தார்.